ரீமேப் செய்த காரில் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ்: சோதிக்கும் வரிசை, பழுது நீக்கும் வரிசை

கோவை, பொள்ளாச்சி, பாலக்காடு, சித்தூர் பக்கத்தில் ரீமேப் செய்த (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளைத் திருத்திப் பவர் கூட்டிய) கார்களின் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) கெடும்போது, எல்லோரும் பழி போடுவது கூடின பவர் மேல். பாதி கதைதான் அது. மீதி, வேலையின் வரிசை தலைகீழாகப் போனதால் வருவது. முதலில் இன்ஜின் மேப், அப்புறம் உதறல், அதற்கு மெக்கட்ரானிக் (கியர்பாக்ஸை இயக்கும் கம்ப்யூட்டரும் ஹைட்ராலிக்கும் சேர்ந்த யூனிட்) மாற்றம், கடைசியில் பார்த்தால் தேய்ந்திருந்தது கிளட்ச். கியர்பாக்ஸை அளந்து, குறையைத் தீர்த்து, அது தாங்கும் அளவுக்குள் மேப் போட வேண்டும். கீழே உள்ளது அந்த வரிசை. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி கார்களின் கியர்பாக்ஸ் பெட்டிகளை வைத்து எழுதப்பட்டது.

1. எந்தப் பெட்டி என்று உறுதி செய்யுங்கள்

ஆட்டோமேட்டிக் என்றாலே டிஎஸ்ஜி அல்ல. விர்டுஸ், ஸ்லாவியா, டைகூன், குஷாக் 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக்கில் இருப்பது எண்ணெய் வழியாகச் சுழற்சியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர். அதற்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. அதே கார்களின் 1.5 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக்தான் டிஎஸ்ஜி.

ஸ்கேனரில் கியர்பாக்ஸ் பாகம் எண்ணைப் பாருங்கள். 0ஏஎம், 0சிடபிள்யூ என்று தொடங்கினால் டிக்யூ200: 7 கியர், எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச், தாங்கும் டார்க் (சுழல் விசை) 250 என்எம் (நியூட்டன் மீட்டர்). 02ஈ, 0டி9 என்றால் டிக்யூ250: 6 கியர், எண்ணெயில் மூழ்கிய ஈரக் கிளட்ச், 350 என்எம். 0ஜிசி என்றால் டிக்யூ381, 7 கியர், ஈரக் கிளட்ச், 420 என்எம்.

இந்த எண்கள் ஏன் முக்கியம்? போலோ 1.2 ஜிடி டிஎஸ்ஐ கம்பெனியிலிருந்து வரும்போது 175 என்எம்தான் தரும், அதனால் டிக்யூ200-இல் கொஞ்சம் இடம் மிச்சம். ஸ்லாவியா, விர்டுஸ் 1.5 டிஎஸ்ஐ-யும் ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ-யும் வரும்போதே 250. மிச்சம் சுழியம். மேப் போட்ட முதல் நாளே எல்லையைத் தாண்டி ஓடுகின்றன. ஆக்டேவியா ஆர்எஸ் 230 தரும் 350 என்எம்மும் டிக்யூ250-இன் காகித எல்லைதான். ஆனால் ஈரக் கிளட்ச் என்பதால் அங்கே நிலைமை அவ்வளவு மோசமில்லை. காரணம் 4-ஆம் பகுதியில்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

- விசிடிஎஸ் (இந்தக் கார்களுக்கான ஸ்கேனர்) அல்லது கியர்பாக்ஸ் லைவ் டேட்டாவும் பேசிக் செட்டிங்ஸும் (9-ஆம் பகுதி) தரும் வேறு ஸ்கேனர். பிழைக் குறி மட்டும் படிக்கும் மலிவான புளூடூத் டாங்கிள் போதாது.
- பேட்டரி சார்ஜர் அல்லது பவர் சப்ளை. டிக்யூ200 மெக்கட்ரானிக்கின் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது. அடாப்டேஷன் (கிளட்சின் பிடிப்புப் புள்ளியைப் பெட்டி புதிதாகக் கற்றுக்கொள்வது) நடுவில் வோல்டேஜ் இறங்கினால் பாதியில் நின்று புதுப் பிழை பதிவாகும்.
- 3 என்எம் வரை இறங்கும் சிறிய டார்க் ரெஞ்ச் ஒன்று, 50 என்எம் வரை போகும் இன்னொன்று. 8, 14 மிமீ ஆலன் சாவிகள்.
- அந்தந்தப் பெட்டிக்கான எண்ணெய். பொதுவான ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய்) ஊற்றி ஈரக் கிளட்சை நாசம் செய்த வண்டிகள் ஏராளம்.
- அளவுக் கோடு போட்ட ஜாடி. இறக்கியது எவ்வளவு, ஊற்றியது எவ்வளவு என்று எழுதி வைக்க.

டிக்யூ200 கிளட்சைக் கழற்றுவதானால் அதற்கென்றே வரும் புல்லர், பிரஸ் செட் வேண்டும். கைவசம் இல்லையென்றால் செட் வைத்திருக்கும் ஒர்க் ஷாப்பைத் தேடுங்கள். சுத்தியலால் முடியும் என்று யாராவது சொன்னால் வண்டியை அங்கிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

3. மேப்புக்கு முன் கியர்பாக்ஸின் இன்றைய நிலை

பிழைக் குறிகளை அழிப்பதற்கு முன் சேமியுங்கள். எத்தனை முறை வந்தது, எந்த வெப்பத்தில் வந்தது என்பதும் அதில் இருக்கும். அழித்துவிட்டு டெஸ்ட் டிரைவ் போவது பலர் செய்யும் முதல் தவறு.

அடுத்து லாக். இன்ஜின் ஆர்பிஎம், உள்ளீட்டுத் தண்டு 1, தண்டு 2 ஆகியவற்றின் ஆர்பிஎம், கிளட்ச் வெப்பம், இன்ஜின் அறிவிக்கும் டார்க் ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். மேனுவல் மோடில் 3-ஆம் கியரில் 2,000 ஆர்பிஎம்மில் பிடித்து, முழு ஆக்சிலரேட்டரில் 5,000 வரை. பிறகு 4-ஆம் கியரில் அதே ஓட்டம். ஒன்று ஒற்றைப்படைக் கிளட்ச், மற்றது இரட்டைப்படைக் கிளட்ச், அதனால்தான் இரண்டும் வேண்டும். வாளையார் நெடுஞ்சாலையில் இதைச் செய்யாதீர்கள். செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் கிடைக்கும் நாளில் செய்யலாம், அல்லது டைனோவில் (உருளை மேல் ஓட்டி பவரை அளக்கும் கருவி) ஏற்றலாம்.

கிளட்ச் முழுதாகப் பிடித்த பின் இன்ஜின் ஆர்பிஎம்மும் அந்தக் கியரின் தண்டு ஆர்பிஎம்மும் ஒட்டியே போக வேண்டும். டார்க் உச்சத்தை எட்டும் இடத்தில் இன்ஜின் கோடு மட்டும் மேலே விலகினால் அது நழுவல். மேப்பே போடாத வண்டியில் இப்படித் தெரிந்தால் மேப்பைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

4. இன்ஜின் சொல்லும் டார்க் உண்மையாக இருக்க வேண்டும்

பலருக்குப் புரியாமல் போவது இந்த இடம்தான், கிளட்ச் எரிவதும் இங்கேதான்.

கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் டார்க்கை அளக்கும் கருவி எதுவும் இல்லை. இன்ஜின் ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கணக்குப் போட்டு கேன் வயரில் (கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் வயர்) அனுப்பும் எண்ணை நம்பித்தான் கிளட்சை எவ்வளவு இறுக்குவது என்று அது முடிவெடுக்கிறது. 320 என்எம் தரும் இன்ஜின் 250 என்று சொன்னால், 250-க்கு ஏற்ற பிடிதான் கிடைக்கும். மீதி நழுவி, சூடாகி, கிளட்ச் தகடு கருகும்.

சில மேப்புகளில் இது வேண்டுமென்றே நடக்கிறது. டார்க் எல்லையைத் தாண்டினால் கியர்பாக்ஸ் இன்ஜினை அடக்கச் சொல்லும். அந்த அடக்கல் வராமலிருக்க, ஈசியூவின் டார்க் கணக்கையே குறைத்துக் காட்டிவிடுகிறார்கள். முதல் வாரம் வண்டி பறக்கும். மேப் போடுபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: டார்க் மாடலை (அந்தக் கணக்கை) தொட்டீர்களா, அறிவிக்கும் டார்க்கின் லாக்கைக் காட்ட முடியுமா? பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஈரக் கிளட்ச் பெட்டியில் கியர்பாக்ஸ் மென்பொருளையும் திருத்தி கிளட்ச் அழுத்தத்தைக் கூட்டலாம். தகடுகள் பல, எண்ணெய் குளிர்விக்கிறது, கூடுதல் அழுத்தம் கூடுதல் பிடியாக மாறும். அதனால் டிக்யூ250, டிக்யூ381 வண்டிகளில் கியர்பாக்ஸ் மேப்பை இன்ஜின் மேப்புக்கு முன்போ, கூடவேயோ போடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த இடைவெளியிலேயே தகடு போய்விடும்.

டிக்யூ200-இல் கியர்பாக்ஸ் மென்பொருளின் டார்க் எல்லையை உயர்த்துவதால் உலர் தகட்டுக்குப் பலம் வந்துவிடாது. எச்சரிக்கை மணியை மட்டும் கழற்றியதாகும். இந்தப் பெட்டிக்கு நியாயமான மேப் இப்படி இருக்கும்: உச்ச டார்க் 250-ஐ ஒட்டியே நிற்கும், லாபம் மேல் ஆர்பிஎம்மில் டார்க் விழாமல் தாங்குவதில் வரும். 1,500–2,000 ஆர்பிஎம்மில் டர்போ அழுத்தம் செங்குத்தாக ஏறாமல் சரிவாக ஏறும். 1, 2-ஆம் கியர்களிலும் ரிவர்ஸிலும் எல்லை இன்னும் குறைவாக இருக்கும். கியர் மாறும் நொடியில் இன்ஜினைத் தணிக்கச் சொல்லும் கோரிக்கையை அப்படியே விட்டிருக்கும். டைனோ தாளில் இது கவர்ச்சியாக இருக்காது.

கம்பெனி வாரண்டி இதோடு போகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது, எல்லை தாண்டி கேரளத்துக்குள் ஓட்டுபவர்களுக்கு அங்குள்ள சோதனைகள் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

5. அறிகுறியைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடியுங்கள்

டிக்யூ200-இல் கே1 கிளட்ச் 1, 3, 5, 7 கியர்களுக்கு. கே2 கிளட்ச் 2, 4, 6, ரிவர்ஸுக்கு. டிக்யூ250-இல் ரிவர்ஸ் கே1 பக்கம் போகிறது: 1, 3, 5, ரிவர்ஸ். கே2-க்கு 2, 4, 6. இந்த வேறுபாட்டை மறந்து தவறான பக்கத்தைச் சந்தேகிப்பது சகஜம்.

டிக்யூ200-இல் 2-ஆம் கியரிலும் ரிவர்ஸிலும் உதறுகிறது, 1-ஆம் கியரில் சுத்தமாகக் கிளம்புகிறது என்றால் கே2 கிளட்ச். எல்லாக் கியரிலும் உதறல், ஐடிலில் கலகலவென்ற சத்தம், இன்ஜினை அணைக்கும்போது ஒரு குலுங்கல் என்றால் கிளட்சோடு இரட்டை நிறை ஃப்ளைவீலையும் (இன்ஜின் அதிர்வைத் தணிக்கும் சக்கரம்) பாருங்கள்.

ஒற்றைப்படைக் கியர்கள் மட்டும் அல்லது இரட்டைப்படைக் கியர்கள் மட்டும் வேலை செய்கின்றன, டேஷில் கியர் எழுத்து மின்னுகிறது என்றால், ஒரு பாதியைக் கம்ப்யூட்டர் தானே அணைத்துவிட்டது. கிளட்ச் காரணமாகவும் இருக்கலாம், மெக்கட்ரானிக் காரணமாகவும் இருக்கலாம். லாக்கில் நழுவல் படிப்படியாகக் கூடி இந்த நிலைக்கு வந்திருந்தால் கிளட்ச். நன்றாக ஓடிய வண்டி சட்டென்று நின்றால் மெக்கட்ரானிக் பக்கம் தேடுங்கள்.

எந்தக் கியரும் விழவில்லை, பி17பிஎஃப் அல்லது பி189சி குறி வந்திருக்கிறது என்றால் டிக்யூ200-இன் எண்ணெய் அழுத்தம் ஏறவில்லை. கிளட்சைத் தொட வேண்டாம். அடுத்த பகுதிக்குப் போங்கள்.

6. டிக்யூ200: அழுத்தம் ஏறாதபோது

முதலில் மெக்கட்ரானிக் பம்பின் ஃபியூஸ். எரிந்திருந்தால் அதே அளவு ஃபியூஸ் ஒன்றே ஒன்று போட்டுப் பாருங்கள். உடனே மறுபடி எரிந்தால் உள்ளே ஷார்ட் அல்லது பம்ப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரிய ஃபியூஸ் போட்டால் வயரிங் எரியும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் லைவ் டேட்டாவில் அழுத்தத்தைப் பாருங்கள். நல்ல பெட்டியில் அழுத்தம் சுமார் 40-க்கும் 60 பாருக்கும் இடையே ஏறி இறங்கும். பம்ப் சில விநாடி ஓடி, ஏற்றிவிட்டு ஓயும். மூச்சு விடாமல் ஓடினாலோ, ஓய்ந்த உடனே அழுத்தம் சரிந்தாலோ கசிவு இருக்கிறது.

கசியும் இடம் அனேகமாக அக்குமுலேட்டர் (அழுத்தத்தைச் சேமிக்கும் உருளை) திருகும் பகுதி. அந்த உருளை மெக்கட்ரானிக்கின் அலுமினிய உடலில் திருகப்பட்டிருக்கிறது. அழுத்தம் ஏறி இறங்கி மரையைச் சுற்றி விரிசல் விடும். பம்ப் ஈடுகட்ட ஓடிக்கொண்டே இருக்கும், கடைசியில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிற்கும். பி17பிஎஃப் சொல்வது அதைத்தான். பம்பையோ அக்குமுலேட்டரையோ மட்டும் மாற்றிப் பயனில்லை. விரிசல் விட்ட உடலை மாற்ற வேண்டும், அல்லது வலுவூட்டிய மாற்று உடல் போட வேண்டும். மின்னணுப் பலகை நன்றாக இருந்தால் முழு மெக்கட்ரானிக் வாங்க அவசியமில்லை.

மெக்கட்ரானிக் பெட்டிக்கு வெளியே பொருந்தியிருப்பதால், கியர்பாக்ஸை இறக்காமலே கழற்றலாம். வரிசை:

ஸ்கேனர் வழியாக கியர்களைக் கழற்றும் நிலைக்குக் கொண்டு வந்து, அழுத்தத்தை வெளியேற்றுங்கள். அழுத்தம் இருக்கும்போது அக்குமுலேட்டரைத் திருகினால் காயம் படும். பேட்டரியைக் கழற்றுங்கள். உடம்பிலுள்ள நிலை மின்சாரம் போக வண்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டு கனெக்டரைக் கழற்றுங்கள், பின்களில் விரல் வைக்காதீர்கள். மெக்கட்ரானிக் எண்ணெயை இறக்குங்கள். கிளட்ச் நெம்புகோல்களை மெக்கட்ரானிக்கின் தண்டுகளிலிருந்து விலக்கிய பிறகே யூனிட்டை நேராக இழுங்கள். சாய்த்து இழுத்தால் கியர் மாற்றும் தண்டுகள் வளையும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம்: இந்தப் பெட்டியில் எண்ணெய் இரண்டு, இறக்கும் துளையும் இரண்டு. கியர் பக்கம் சுமார் 1.7 லிட்டர், மெக்கட்ரானிக் பக்கம் சுமார் 1 லிட்டர் ஹைட்ராலிக் எண்ணெய். இரண்டும் கலக்கக்கூடாது. அளவு பார்க்கும் துளை கிடையாது, மூச்சுக் குழாய் வழியாக அளந்து ஊற்ற வேண்டும். துளை மாறித் திறந்து, மெக்கட்ரானிக்கைக் காலி செய்துவிட்டு கியர் பக்கம் இரட்டிப்பாக ஊற்றிய வண்டி ஒர்க் ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டுதான் வரும்.

பழைய டிக்யூ200 வாங்குபவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த நாடுகளில் சின்தெடிக் கியர் எண்ணெயால் மின்னணுப் பகுதியில் ஷார்ட் வந்ததால், 2013-இல் ஃபோக்ஸ்வாகன் வண்டிகளைத் திரும்ப அழைத்து மினரல் எண்ணெய்க்கு மாற்றியது. அதற்கு முந்தைய வண்டியென்றால் அந்த மாற்றம் நடந்ததா என்று சர்வீஸ் பதிவில் பாருங்கள். பாலக்காட்டுப் பங்குனி வெயிலையும் ஆடி மழையையும் ஒருசேரப் பார்க்கும் வண்டிக்கு இது சின்ன விஷயமில்லை.

உடைப்புக் கடையில் கிடைக்கும் பழைய மெக்கட்ரானிக் மலிவாகத் தெரியும். அதை உங்கள் வண்டிக்கு கோடிங் செய்ய வழி இருக்கிறதா என்று தெரியாமல் காசு கொடுக்காதீர்கள்.

7. டிக்யூ200: கிளட்ச் மாற்றம்

பெட்டியை இறக்கும் முன் இரண்டு மூச்சுக் குழாய்களையும் அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் சாயும்போது மெக்கட்ரானிக் எண்ணெய் ஒழுகி அளவு குறையும், வெளியே தெரியாது.

கிளட்ச் தண்டில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். புல்லர் கொண்டு இழுத்து, புதியதை பிரஸ் செட்டால் அழுத்தி ஏற்ற வேண்டும். தட்டினால் அடி நேராகத் தண்டின் பேரிங்குக்குப் போகும். சில ஆயிரம் கிலோமீட்டரில் பேரிங் ஓலமிடும், அப்போது பெட்டியையே பிரிக்க வேண்டும். கீழே விழுந்த புது கிளட்சையும் போடாதீர்கள், உள்ளே தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு நகர்ந்திருக்கும்.

ரிலீஸ் நெம்புகோல்கள், பேரிங்குகள், சர்கிளிப் (பூட்டு வளையம்) எல்லாம் புதிது. பழைய தலைமுறைப் பெட்டியில் பேரிங்குக்கு அடியில் போடும் ஷிம்மை (மெல்லிய வளையத் தகடு) டெப்த் கேஜால் அளந்து கே1-க்கும் கே2-க்கும் தனித்தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய ஷிம்மையே திரும்பப் போடுவது சோம்பல். உதறல் குறையாமல் திரும்பி வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஃப்ளைவீல் ஆடினால் அதையும் இப்போதே மாற்றுங்கள், இதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டாம்.

8. டிக்யூ250: எண்ணெய், ஃபில்டர்

கம்பெனி சொல்வது 60,000 கிமீ. மேப் போட்ட வண்டிக்கு 40,000. தகட்டின் தேய்மானம் எண்ணெயில்தான் மிதக்கிறது, அதே எண்ணெய்தான் மெக்கட்ரானிக் வால்வுகளிலும் ஓடுகிறது.

வண்டி மட்டமாக நிற்க வேண்டும், எண்ணெய் 35 டிகிரிக்குக் கீழே. மேலே ஃபில்டர் மூடியைத் தளர்த்தி எண்ணெய் வடிய விடுங்கள். கீழே 14 மிமீ ஆலனால் பிளக்கைத் திறந்தால் கொஞ்சம்தான் வரும். உள்ளே ஒரு வழிந்தோடும் குழாய் இருக்கிறது, 8 மிமீ ஆலனால் அதையும் கழற்றினால்தான் சுமார் 5 லிட்டர் இறங்கும். இதைத் தெரியாமல் அரை லிட்டர் இறக்கி, எண்ணெய் மாற்றியாயிற்று என்று பில் போடுகிறார்கள்.

பிளக்கின் உள்பக்கமும் வடிந்த எண்ணெயும் பாருங்கள். சாம்பல் நிறக் குழைவு இருந்தால் பரவாயில்லை. விரலில் உறுத்தும் உலோகச் செதில் வந்தால் எண்ணெய் மாற்றம் தீர்வல்ல.

குழாயைத் திரும்பப் போடும்போது 3 என்எம் மட்டும், பிளாஸ்டிக் என்பதால் உடையும். புது ஃபில்டர், புது ஓ-ரிங், மூடி 20 என்எம். 5.5 லிட்டர் ஊற்றி இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு பி, ஆர், என், டி ஒவ்வொன்றிலும் மூன்று விநாடி நிறுத்துங்கள். எண்ணெய் 35-க்கும் 45 டிகிரிக்கும் இடையே இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டே கீழ்ப் பிளக்கைத் திறந்து வழியும் மிச்சத்தை விடுங்கள். சொட்டுச் சொட்டாக மாறியதும் புது வாஷரோடு 45 என்எம்மில் மூடுங்கள். 60 டிகிரியில் அளவு பார்த்தால் எண்ணெய் விரிந்திருக்கும், தேவையானதும் வெளியே போய்விடும்.

தகடு செட் மாற்றுவதானால், கிளட்சின் அச்சு ஆட்டத்தை டயல் கேஜில் அளந்து அதற்கேற்ற தடிமனில் பூட்டு வளையம் போட வேண்டும். கைக்குக் கிடைத்த வளையம் உதவாது.

9. அடாப்டேஷன்

கிளட்ச், மெக்கட்ரானிக், மென்பொருள் மூன்றில் எதைத் தொட்டாலும் பேசிக் செட்டிங்ஸ் ஓட்ட வேண்டும். பி-யில், பிரேக் மிதித்தபடி, பேட்டரிக்கு சார்ஜர் போட்டு, எண்ணெய் 30-க்கும் 100 டிகிரிக்கும் இடையே. முடிவதற்குள் பிரேக்கை விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதோடு முடியாது. மேனுவல் மோடில் 3 அல்லது 5-ஆம் கியரில் ஐந்து நிமிடம், 4 அல்லது 6-ஆம் கியரில் ஐந்து நிமிடம், 1,200-க்கும் 3,500 ஆர்பிஎம்முக்கும் இடையே ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் நெரிசலில்லாத நேரத்தில் இது எளிது. இதை விட்டுவிட்டு நேராக முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால், பெட்டி தப்பான பிடிப்புப் புள்ளியையே கற்றுக்கொள்ளும்.

10. மலையிலும் நெரிசலிலும்

வால்பாறை ஏற்றத்தின் 40 கொண்டை ஊசி வளைவுகள் டிக்யூ200-க்குக் கடினமான இடம். லாரிக்குப் பின்னால் நகர்ந்து நகர்ந்து ஏறும்போது 1-ஆம் கியரில் கிளட்ச் பாதி பிடித்தபடியே சூடேறும். ஆக்சிலரேட்டரில் வண்டியை நிறுத்திப் பிடிக்காதீர்கள், பிரேக்கை அழுத்தினால் கிளட்ச் முழுதாக விலகும். முன் வண்டி இரண்டு கார் நீளம் போன பிறகு ஒரே மூச்சில் கிளம்புங்கள். இறக்கத்திலும் ஏற்றத்திலும் மேனுவல் மோடில் 2-ஐப் பிடித்து வையுங்கள், 2-3 என்று பெட்டி அலைபாயாது.

டிக்யூ250-இல் எண்ணெய் 140 டிகிரியை நெருங்கினால் கம்ப்யூட்டரே டார்க்கைக் குறைத்துவிடும். அதுவரை போகவிடாதீர்கள். மேப் போட்டு டிராக்கிலும் ஓட்டுபவர்கள் பெரிய ஆயில் கூலர் போடுங்கள்.

டிக்யூ200-இல் லாஞ்ச் (நின்ற இடத்திலிருந்து முழு ஆக்சிலரேட்டரில் பாய்வது) பழக்கம் வேண்டாம்.

மேப் போட்ட 1,000 கிமீ கழித்து, 3-ஆம் பகுதியில் எடுத்த அதே லாக்கை அதே கியர், அதே ஆர்பிஎம், முடிந்தால் அதே வெயிலில் மறுபடி எடுத்து முதல் லாக்கின் மேல் வைத்துப் பாருங்கள். இன்ஜின் கோடும் தண்டுக் கோடும் விலகத் தொடங்கியிருந்தால், டார்க்கை அன்றே 20–30 என்எம் இறக்கச் சொல்லுங்கள்.